காரைத் தினமும் துடைக்காதீர்கள்

கார் வைத்திருப்பவர்களிடம் மூன்று நம்பிக்கைகள் கேள்வியே இல்லாமல் நிலைத்திருக்கின்றன. தினமும் துடைத்தால்தான் பெயின்ட் பளபளப்பாக இருக்கும் என்பது ஒன்று. மெல்லிய கீறல்கள் விழுந்தால் துடைக்க வரும் ஆளின் அசட்டைதான் காரணம் என்பது இரண்டு. விழுந்தால்தான் என்ன, வருடத்துக்கொரு முறை ரப்பிங் பாலிஷ் போட்டால் போயிற்று, அதுவும் போதாவிட்டால் செராமிக் கோட்டிங் இருக்கவே இருக்கிறது என்பது மூன்று. அபார்ட்மென்ட் பார்க்கிங்கிலிருந்து சர்வீஸ் சென்டர் கவுன்டர்வரை இதையேதான் திருப்பித் திருப்பிச் சொல்கிறார்கள். மூன்றும் தவறு. போதாக்குறைக்கு ஒவ்வொரு தவறும் அடுத்ததற்குத் தீனி போடுகிறது. தினமும் துடைப்பதால் கீறல் விழுகிறது. கீறலைப் போக்கப் பாலிஷ் போடுகிறோம். பாலிஷ் பெயின்ட்டைத் தேய்த்து மெலிதாக்குகிறது. மறுநாள் காலையிலேயே துணி மறுபடி ஏறுகிறது.

எந்தக் கீறலைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். சாவியால் கிழித்த கோடோ, ஆட்டோ உரசிய தடமோ அல்ல. நிழலில் நிற்கும்போது கண்ணுக்கே தெரியாமல் இருந்து, நடுப்பகல் வெயிலிலோ தெருவிளக்கின் கீழோ பானெட்டில் சிலந்திவலைபோல வட்டம் வட்டமாக எழுந்து நிற்குமே, அது. இதைப் பார்த்தவுடன் பலர் சொல்வது: "வட்டமாகத் தேய்த்திருக்கிறான், நேராகத் துடைத்திருந்தால் வந்திருக்காது." இந்தத் தீர்ப்பே பிழை. அங்கே பெரும்பாலும் வட்டக் கீறல் எதுவும் கிடையாது. எல்லாத் திசைகளிலும் ஓடும் ஆயிரக்கணக்கான குட்டிக் கோடுகள் இருக்கின்றன. அவற்றில் விளக்கின் பிம்பத்துக்குக் குறுக்காகக் கிடப்பவை மட்டுமே ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன. பிம்பத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் அப்படிக் குறுக்காகக் கிடப்பவை மட்டும் மின்னுவதால் அவை வட்டமாகத் தோன்றுகின்றன. சந்தேகம் இருந்தால் செல்போன் டார்ச்சைப் பானெட்டின் மேல் பிடித்து மெல்ல நகர்த்திப் பாருங்கள். விளக்கு போகுமிடமெல்லாம் வட்டமும் கூடவே போகும். நேராகத் துடைத்தால் கீறல் குறையாது. ஒரு கோணத்தில் தெரியாமல் இன்னொரு கோணத்தில் தெரியும், அவ்வளவுதான்.

வெள்ளைக் காருக்கு இந்தத் தொல்லை இல்லை என்பதும் இதே வகை நம்பிக்கை. கறுப்பு, சிவப்பு, கருநீல வண்டிகளில் கீறலின் மினுக்கம் இருண்ட பின்னணியில் எடுப்பாகத் தெரிகிறது. வெள்ளையில் பின்னணியே ஒளிர்வதால் மினுக்கம் அதில் கரைந்துவிடுகிறது. கீறல் என்னவோ இரண்டிலும் ஒன்றுதான், ஏனென்றால் அது நிறத்தில் விழுவதில்லை.

அது விழும் இடத்தைப் புரிந்துகொண்டால் மற்றவை தாமே விளங்கும். இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றின் பெயின்ட் பல அடுக்குகளால் ஆனது. தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். அத்தனை அடுக்கும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் தடிமன். கிளியர் கோட் மட்டும் சுமார் 35 முதல் 50 மைக்ரான். ஜெராக்ஸ் கடைத் தாள் ஒன்றின் தடிமனே ஏறக்குறைய 100 மைக்ரான் இருக்கும். ஆக, நம் காரின் பளபளப்பு முழுவதும் அரைத்தாள் கனமுள்ள ஒரு பிளாஸ்டிக் படலத்தில் இருக்கிறது. வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுக்கும் வேதிப்பொருள்களும் அந்தப் படலத்தில்தான் கலந்திருக்கின்றன. இதற்கு வேறு இருப்பு கிடையாது. தேய்ந்த அளவு தேய்ந்ததுதான்.

இனி தூசுக்கு வருவோம். நம் தெருத் தூசில் மணல் உண்டு. மணலில் குவார்ட்ஸ் உண்டு. ஜெர்மானியக் கனிமவியலாளர் ஃபிரெட்ரிக் மோஸ் 1812இல் வகுத்த கடினத்தன்மை அளவுகோலில் வைரம் 10, குவார்ட்ஸ் 7, ஜன்னல் கண்ணாடி சுமார் ஐந்தரை. கண்ணாடியையே கீறக்கூடிய துகளுக்குப் பிளாஸ்டிக் படலம் எம்மாத்திரம்? சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை நடக்கும் பகுதியில் ஓர் இரவு நிறுத்திய காரின் மேல் விரலால் கோடு போட்டுப் பாருங்கள். அந்த விரல்தடத்தில் நறநறவென்று தட்டுப்படுவதைத்தான் காலையில் துணியால் அழுத்தி, கூரையிலிருந்து பம்பர்வரை இழுக்கிறோம். துணி பாவம், அது கீறுவதில்லை. துகளைப் பிடித்து இழுத்துச் செல்லும் வேலையை மட்டும்தான் அது செய்கிறது.

இங்கே உடனே ஒரு மறுப்பு வரும்: "நாங்கள் மெத்தென்ற துணிதான் பயன்படுத்துகிறோம்." திருப்பூர் பனியன் வேஸ்ட்டில் தையல் மடிப்பும் எலாஸ்டிக் நூலும் இருக்கும், சிக்னலில் விற்கும் மஞ்சள் துணியில் ஓரத் தையல் இருக்கும் என்பதையெல்லாம் விட்டுவிடுவோம். உயர்ந்த ரக மைக்ரோஃபைபரே இருக்கட்டும். அதன் இழைகள் பிளந்து நுணுக்கமாக இருப்பதால் துகளை உள்ளே வாங்கிக்கொள்ளும், உண்மை. ஆனால் காய்ந்த மேற்பரப்பில் ஒரு கதவைத் துடைத்து முடிப்பதற்குள் அது வாங்க வேண்டியதை வாங்கிவிடும். அடுத்த கதவிலிருந்து அதுவும் ஒரு உப்புத்தாள்தான். இறகுத் தூசுதட்டியும் இந்தக் கணக்கிலிருந்து தப்பாது. காற்றில் படபடக்கும் கார் கவர் இன்னும் மோசம்: அழுக்கு வண்டியின் மேல் அதைப் போர்த்தினால், கூலி வாங்காமல் இரவெல்லாம் தேய்த்துக் கொடுக்கும்.

"துடைக்காமல் விட்டால் தூசு பெயின்ட்டைத் தின்றுவிடும்" என்பது அடுத்த வாதம். காய்ந்த தூசு எதையும் தின்பதில்லை. மணலும் களிமண்ணும் பெயின்ட்டோடு வினைபுரிவதில்லை; சும்மா உட்கார்ந்திருக்கும். வினைபுரிபவை வேறு: பறவை எச்சம், மரப்பிசின், கண்ணாடியிலும் பம்பரிலும் அறைந்து செத்த பூச்சிகள், கடலோர உப்பு ஈரம். எச்சத்தில் அமிலம் இருக்கிறது. வெயிலில் சூடான கிளியர் கோட்டில் சில மணி நேரம் கிடந்தாலே தடம் பதித்துவிடும். ஆகவே அவசரம் உண்டு, ஆனால் அவசரம் அந்த ஒரு ரூபாய் அகல இடத்துக்குத்தான். நனைத்த துணியை அதன்மேல் சில நிமிடம் போட்டு ஊறவைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுத்தால் போதும். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டுக்கும் இதே முறைதான். உலர்ந்தபின் நகத்தால் சுரண்டுபவர்கள் பூஜைக்குப் பிறகும் பல ஆண்டுகள் அந்தத் தடத்தைத் தரிசிக்கலாம். ஒரு காக்கை எச்சத்துக்காகக் கார் முழுவதையும் காய்ந்த துணியால் உரசுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. 1923இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஓக்லாண்ட் கார்களுக்கு டுபான்ட் நிறுவனத்தின் டூக்கோ லாக்கரை அடித்த காலம் தொட்டு, பல பத்தாண்டுகள் கார் பெயின்ட்டில் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் இருந்தன. நம் ஊர்ப் பட்டறைகளில் இன்றும் 'டூக்கோ பெயின்ட்டிங்' என்றே சொல்கிறார்கள். அம்பாசடர், பத்மினி காலத்தில் வெயில் பட்டால் மேற்பரப்பு வெளுத்துப் பொடியும். மெழுகு பாலிஷைத் துணியில் எடுத்துத் தேய்த்தால் வெளுத்த பகுதி போய்ப் புது நிறம் மேலே வரும். துணியில் காரின் நிறமே ஒட்டும். தேய்க்கத் தேய்க்கப் பளபளப்பு என்ற பாடம் அந்தப் பெயின்ட்டுக்குப் பொருந்தியது. 1980களில் உலகெங்கும் பரவி பிறகு இங்கும் வந்த கிளியர் கோட், மேல்படலத்தின் இயல்பையே மாற்றிவிட்டது. பெயின்ட் மாறிவிட்டது, கை மட்டும் பழைய வேலையையே செய்துகொண்டிருக்கிறது.

இரண்டாவது நம்பிக்கை, துடைக்கும் ஆளின் மேல் விழும் பழி. இது பிழை மட்டுமல்ல, அநியாயமும் கூட. அபார்ட்மென்ட்டில் கார் துடைக்க வருபவரின் காலையை ஒருமுறை கணக்குப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும். ஒரு காருக்கு மாதம் சில நூறு ரூபாய். அந்த வருமானத்தில் குடும்பம் நடக்க வேண்டுமென்றால் இருபது முப்பது கார்கள் பிடித்தாக வேண்டும். எல்லாரும் ஆபீஸுக்குக் கிளம்புவதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். ஆக, ஒரு வண்டிக்கு ஐந்து நிமிடம்கூடத் தேறாது. ஹோஸ் பயன்படுத்தக் கூடாது என்று அசோசியேஷன் தடை போட்டிருக்கும். தரையில் ஈரம் சிந்தினால் வாட்ச்மேன் சத்தம் போடுவார். கையில் ஒரு பக்கெட், இரண்டு துணி. இந்த நிலையில் உலகத்தின் எந்தத் தேர்ந்த கைக்காரரை நிறுத்தினாலும் அவரும் கீறத்தான் செய்வார்.

கீறலை உண்டாக்குவது அவருடைய அசட்டை அல்ல, நாம் போட்ட ஒப்பந்தம். 'தினமும் வர வேண்டும்' என்று கேட்டது யார்? ஒருநாள் வராவிட்டால் சம்பளத்தில் பிடிக்கிறோம். வந்து தூசு இருக்கும்படி விட்டால் கூப்பிட்டுக் காட்டுகிறோம். நனைக்காமல் துடைக்காதே என்று ஒருவரும் சொல்வதில்லை, நனைக்கப் போதிய தண்ணீரும் தருவதில்லை. கழுவும் கையுறையான நல்ல மிட்டனோ, அதை அலச இரண்டாவது பக்கெட்டோ வாங்கித் தருவதும் இல்லை. சம்பளம் கொடுத்து நாமே கீறச் சொல்லிவிட்டு, கீறல் தெரிந்ததும் அவரைத் திட்டுகிறோம். ஷோரூமில் டெலிவரிக்கு முந்தைய நாள் அவசரம் அவசரமாகக் கழுவித் துடைத்துத் தரும் புத்தம்புது காரிலும் இந்த வலை விழுந்திருப்பதைப் பார்க்கலாம். அங்கேயும் காரணம் ஆள் அல்ல, அவசரம்.

மூன்றாவது நம்பிக்கையில்தான் பணம் புரளுகிறது. "ரப்பிங் போட்டால் கீறல் போய்விடும்" என்கிறார்கள். போகும். எப்படிப் போகிறது என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள். கீறல் என்பது ஒரு பள்ளம். பாலிஷ் அந்தப் பள்ளத்தை நிரப்புவதில்லை. பள்ளத்தின் அடிமட்டம் வரும்வரை சுற்றியுள்ள கிளியர் கோட் முழுவதையும் இறக்குகிறது. கீறல் ஓரிடத்தில், தேய்மானம் எல்லா இடத்திலும். அரிவாள்மனையைச் சாணை பிடித்தால் கூர் திரும்பும். தேய்ந்த இரும்பு திரும்பாது. ஒரு முறை, இரு முறை தாங்கும். வருடத்துக்கு ஒன்று என்று வழக்கமாக்கினால், 40 மைக்ரானில் எத்தனை வருடம் ஓட்ட முடியும்?

பேனலின் ஓரங்களிலும் மடிப்புக் கோடுகளிலும் பெயின்ட் மெலிதாகவே படிந்திருக்கும். வேகமாகச் சுழலும் ரோட்டரி மெஷினை அங்கே ஒரு கணம் கூடுதலாக அழுத்தினால் நிறமே தெரிந்துவிடும். கைதேர்ந்த டீட்டெய்லர் பெயின்ட் தடிமன் மீட்டரை வைத்துப் பார்த்துத்தான் தொடங்குவார். அந்த மீட்டரும் பொதுவாக எல்லா அடுக்குகளையும் சேர்த்த தடிமனைத்தான் காட்டும். கிளியர் கோட் மட்டும் எவ்வளவு மிச்சம் என்று அதனால் சொல்ல முடியாது. இந்த மீட்டரையே கண்ணால் பார்க்காத இடங்களில்தான் நம் கார்களில் பெரும்பாலானவை பாலிஷ் ஆகின்றன.

இன்னொரு வித்தையும் நடக்கிறது. பாலிஷ் முடித்து டெலிவரி எடுக்கும்போது வண்டி கண்ணாடிபோல மின்னும். நாலைந்து தடவை கழுவியதும் பழைய வலை அப்படியே மேலே வந்து நிற்கும். உடனே பழி யார் மேல்? துடைக்கும் ஆள் மேல்தான். உண்மையில் பல பாலிஷ்களிலும் கிளேஸ்களிலும் எண்ணெயும் நிரப்பும் பொருளும் கலந்திருக்கின்றன. அவை கீறலுக்குள் போய் உட்கார்ந்து தற்காலிகமாக மறைக்கும். தண்ணீரும் ஷாம்பூவும் பட்டதும் வெளியேறிவிடும். கம்பளிப் பேட் போட்டு அவசரமாக ஓட்டிய மெஷின், வெயிலில் மட்டும் தெரியும் புதுப் புகைவளையங்களையும் சேர்த்தே தந்துவிட்டுப் போகும். பழைய கீறலை மறைத்த காசுக்குப் புதிய கீறல் இனாம்.

இதற்குப் பிறகு வருவது செராமிக் கோட்டிங். '9H கடினம், கீறலே விழாது' என்று பலகையில் எழுதியிருக்கும். 9 என்றதும் வைரத்துக்கு அடுத்தபடி என்று வாங்குபவர் நினைத்துக்கொள்கிறார். அப்படி நினைக்கட்டும் என்றுதான் பலகையும் வைத்திருக்கிறார்கள். இந்த 9Hக்கும் மோஸின் அளவுகோலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இது பென்சில் சோதனை. 9B முதல் 9H வரையிலான வரைபடப் பென்சில்களைப் பூச்சின் மேல் அழுத்தி இழுத்து, எந்தப் பென்சில் கீறுகிறது என்று பார்ப்பார்கள். 9H பென்சில் என்பது களிமண் கூடுதலாகக் கலந்த கிராஃபைட், வேறொன்றுமில்லை. அதைத் தாங்கியது என்பதால் குவார்ட்ஸ் மணலைத் தாங்கும் என்று ஆகிவிடாது. பூச்சின் தடிமனும் பெரும்பாலும் ஓரிரு மைக்ரான்தான். பூசுவதற்கு முன் பழைய கீறலை எடுக்க ஒரு சுற்றுப் பாலிஷும் நடக்கும். அதாவது நிரந்தரப் படலத்தைத் தேய்த்துவிட்டுத் தற்காலிகப் படலத்தைப் போடுகிறார்கள்.

கோட்டிங்கால் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும், அழுக்கு எளிதில் விடும், எச்சத்துக்குக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அழுக்கு எளிதில் விடுவதால் தேய்க்க வேண்டிய அழுத்தம் குறையும். ஆனால் கோட்டிங் போட்டுவிட்டோமே என்ற தைரியத்தில் தினமும் காய்ந்த துணியை ஏற்றினால் கொடுத்த பணம் மணலோடு போகும். உண்மையிலேயே கீறலைத் தான் வாங்கிக்கொள்ளும் பொருள் ஒன்று உண்டென்றால் அது பிபிஎஃப் எனப்படும் பாலியூரித்தேன் படலம். வியட்நாம் போரில் ஹெலிகாப்டர் இறக்கைகளை மணலிலிருந்து காக்கப் பயன்பட்ட படலத்தின் வழித்தோன்றல் அது. கார் முழுவதும் ஒட்ட லட்ச ரூபாயைத் தொடும். அந்தப் பணம் இல்லாத கோடிப் பேருக்கு இலவசமாகவே ஒரு வழி இருக்கிறது: துடைப்பதை நிறுத்துவது.

"முறையாகக் கழுவத் தண்ணீருக்கு எங்கே போவது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு சென்னை லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றதை யாரும் மறக்கவில்லை. 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரால் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றே அறிவித்தார்கள். ஆகவே கணக்குப் போட்டே பார்ப்போம். தினம் அரை பக்கெட், எட்டு லிட்டர் என்று வைத்தால் மாதம் 240 லிட்டர். பதினைந்து நாளுக்கொரு முறை மூன்று பக்கெட், ஐம்பது லிட்டர் என்றால் மாதம் 100 லிட்டர். தினசரித் துடைப்பே அதிகம் குடிக்கிறது. 'அந்த அரை பக்கெட்டிலேயே நாலு கார் முடித்துவிடுகிறார்' என்று பதில் வந்தால், தண்ணீர் மிச்சம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாலாவது காரில் ஏறும் துணியில் முதல் மூன்று கார்களின் மண்ணும் சேர்ந்து ஏறுகிறது.

செய்ய வேண்டியது என்ன? வாரத்துக்கு ஒரு முறை, மழையும் வேலைத்தளத் தூசும் இல்லையென்றால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவுங்கள். நிழலில், பானெட் ஆறியபின். முதலில் கை படாமல் தண்ணீரை மேலிருந்து ஊற்றி உதிரி மண்ணை இறக்குங்கள். இந்த ஒரு படியே பாதிக் கீறலைத் தவிர்க்கும். ஒரு பக்கெட்டில் கார் ஷாம்பூ, இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் மிட்டனை ஷாம்பூவில் நனைத்து, கூரையில் தொடங்கி, அழுத்தாமல் இழுத்து, ஒவ்வொரு பேனல் முடிந்ததும் வெறும் தண்ணீரில் அலசிய பிறகே மறுபடி ஷாம்பூவில் முக்குங்கள். சக்கரத்துக்கும் கதவின் அடிப்பகுதிக்கும் வேறு துணி. அது ஒருபோதும் மேலே ஏறக் கூடாது. துணி தரையில் விழுந்தால் அலசும்வரை அதைத் தொடாதீர்கள். போர் தண்ணீரில் சுண்ணாம்பு உப்பு அதிகம் என்பதால் தானாகக் காய விடாமல், பருத்த மைக்ரோஃபைபர் டவலை விரித்து ஒற்றி ஈரத்தை எடுங்கள். மற்ற நாட்களில் கண்ணாடிகள், விளக்குகள், நம்பர் பிளேட் ஆகியவற்றை மட்டும் ஈரத்துணியால் சுத்தம் செய்தால் போதும். பாதுகாப்பாக ஓட்ட அவைதான் சுத்தமாக இருக்க வேண்டும்.

ஏற்கெனவே விழுந்த கீறல்களை என்ன செய்வது? பெரும்பாலும் ஒன்றும் செய்யாதீர்கள். நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டவில்லையென்றால் அது அழகுப் பிரச்சினை மட்டுமே. துரு பிடிக்காது, பெயின்ட் உரியாது. நகம் தட்டினால் அது ஆழமானது. அதை முழுவதுமாகத் தேய்த்து எடுக்க முயல்வதுதான் ஆபத்து. கார் உங்களிடம் இருக்கும் காலத்தில், பழக்கத்தை மாற்றிய பிறகு, மீட்டர் வைத்து அளந்து வேலை செய்யும் ஒருவரிடம் ஒரே ஒரு முறை மென்மையான பாலிஷ் போட்டுக்கொள்ளலாம். பழக்கத்தை மாற்றாமல் போடும் பாலிஷ் அடுத்த பாலிஷுக்கு அட்வான்ஸ்.

விற்கும்போது விலை குறையும் என்று பயப்படுபவர்கள், வெயிலில் நிற்கும் பழைய கார்களின் பானெட்டையும் கூரையையும் பார்க்கட்டும். வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்து, செதில் செதிலாக உரிந்து நிற்கிறதே, அது கிளியர் கோட் செத்துப்போனதன் அடையாளம்; தேய்த்துத் தேய்த்து மெலிந்த படலத்துக்கு வெயிலில் இந்த முடிவு சீக்கிரமே வரும். அதற்குப் பாலிஷும் இல்லை, கோட்டிங்கும் இல்லை. மறு பெயின்ட் ஒன்றே வழி. பழைய கார் வாங்குபவர் மயிரிழைக் கீறலை மன்னித்துவிடுவார். மறு பெயின்ட் அடித்த வண்டியைக் கண்டால் விபத்தோ என்று சந்தேகப்பட்டு விலையை இறக்குவார்.

அசோசியேஷன் கூட்டங்களில் லிஃப்ட் பற்றியும் பார்க்கிங் பற்றியும் மணிக்கணக்கில் பேசுகிறோம். அடுத்த கூட்டத்தில் இதையும் ஒரு தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். கார் துடைக்க வருபவருக்கு இப்போது கொடுக்கும் அதே மாதச் சம்பளம்; தினசரித் துடைப்புக்குப் பதிலாக வாரம் ஒரு கழுவல்; ஒரு நாளைக்கு நாலைந்து கார், ஒவ்வொன்றுக்கும் அரைமணி நேரம்; இரண்டு பக்கெட், மிட்டன், டவல் எல்லாம் நம் செலவில். அவருக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும், தண்ணீரும் மிஞ்சும், பெயின்ட்டும் பிழைக்கும். மீதி ஆறு நாள் காரில் தூசு இருக்கும். இருக்கட்டும், தூசு கழுவினால் போய்விடும்.